கடை திறந்திருந்தது

பிப்ரவரி 9

சலூன்காரருக்கு,

இனிமேல் போனில் பேச வேண்டாம் என்று கத்திவிட்டு வைத்தீர்கள். சரி. நீங்கள் கத்தினால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். நான் வாயை மூடிக்கொண்டால் நீங்கள் இன்னும் கத்துகிறீர்கள். கடிதத்தில் ஒரு வசதி உண்டு, நான் முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேச முடியாது. கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கிடைக்காத வசதி அது.

இங்கே குளிர் விடவில்லை. முதியோர் இல்லத்தில் எனக்கு இன்னும் காலை வேலைதான். பெரியவர்களை எழுப்பி, கழுவி, உடுத்தி, தலை வாரி, நாற்காலியில் வைத்துச் சாப்பாட்டு அறைக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். நான் வகிடு எடுக்கிற லட்சணத்தைப் பார்த்தால் சீப்பைப் பிடுங்கியிருப்பீர்கள். மத்தியானம் அறைக்கு வந்து கதவைச் சாத்தினால், மறுநாள் காலை வரைக்கும் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. பேச ஆள் இல்லை. என்னைப் போன்ற உம்மணாமூஞ்சிக்கே இது அதிகம்.

வேலை நிரந்தரமாக வேண்டுமானால் பிரெஞ்சுப் பரீட்சை பாஸாக வேண்டும். மே மாதம் பரீட்சை. நூலகத்து மாடியில் சாயங்கால வகுப்புக்குப் போகிறேன். இப்போது இறந்தகாலம் நடக்கிறது. நம்முடையது போல ஒன்றோடு முடியாது, பேச்சுக்கே இரண்டு வேண்டும். ஒரு தடவை நடந்து முடிந்த காரியத்துக்கு ஒன்று. வழக்கமாக நடந்ததற்கும், அந்த நேரத்தில் எல்லாம் எப்படி இருந்தது என்பதற்கும் இன்னொன்று. அவர்கள் வைத்திருக்கும் பெயர் உங்கள் வாயில் நுழையாது. நான் ஒன்றுக்கு 'நடந்தது' என்றும் மற்றதற்கு 'இருந்தது' என்றும் வைத்துக்கொண்டிருக்கிறேன். வாயைத் திறக்குமுன் எந்த டப்பாவிலிருந்து எடுப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. யோசித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். கணவரைக் கூப்பிட்டுக்கொள்ளும் படிவம். உங்கள் கையெழுத்து மூன்று இடத்தில் வேண்டும். ஜூன் முடிவதற்குள் அங்கே இருக்கிற அலுவலகத்தில் நீங்களே நேரில் கொடுக்க வேண்டும். தவறினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க விடமாட்டார்கள். வருவேன் என்று சொல்லித்தான் என்னை அனுப்பினீர்கள்.

எங்கள் இல்லத்தில் ஆண்களுக்குச் சவரம் செய்ய ஆள் தேடுகிறார்கள். பாதிப் பேருக்குக் காது கேட்காது. நீங்கள் எந்த மொழியில் பேசினாலும் அவர்களுக்கு ஒன்றுதான்.

உங்கள் மனைவி


பிப்ரவரி 26

பிரெஞ்சுக்கார அம்மாளுக்கு,

கடிதம் கிடைத்தது. குறுக்கே பேச முடியாது என்று நினைத்தாயாக்கும். படிக்கும்போது வரிக்கு வரி நான் பதில் சொன்னேன், நாற்காலியில் இருந்தவர் "யாருகிட்டப்பா பேசுற?" என்று கேட்டார்.

காது கேட்காத கிழவர்களுக்குச் சவரம் செய்ய என்னைக் கூப்பிடுகிறாய். நன்றாக இருக்கிறது. என் தொழிலில் கத்தி பாதி, வாய் பாதி. ஒரு ஆள் உட்கார்ந்தால் அவன் மாமியார் சண்டையிலிருந்து மழை வருமா வராதா வரைக்கும் பேசினால்தான் கழுத்தை நம்பி நீட்டுவான். பேசாமல் கத்தியோடு பின்னால் நிற்கிறவனைப் பார்த்தால் எவனும் துண்டோடு எழுந்து ஓடுவான். எனக்கு அந்த ஊர் மொழியில் ஒரு சொல் தெரியாது. வாயில்லாப் பூச்சியாக வந்து உன் பின்னால் நிற்கவா?

'போனேன்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் இத்தனை காலம் குப்பை கொட்டவில்லையா? எத்தனை தடவை போனேன் என்பது கேட்கிறவனுக்குத் தானாகப் புரியும். புரியாதவனுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? இரண்டு இறந்தகாலம் வைத்திருப்பவர்களுக்கு வேறு வேலை இல்லை என்று அர்த்தம்.

படிவம் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. கையெழுத்துப் பற்றி அப்புறம் பேசலாம். அவ்வளவு கெட்டிக்காரி ஆகிவிட்டாயே, நீ கிளம்பின நாளை உன் இரண்டு டப்பாவில் போட்டு எழுது பார்ப்போம்.

உன் வாயாடி


மார்ச் 11

சலூன்காரருக்கு,

நீங்கள் கேட்டதால் எழுதிப் பார்த்தேன். பிரெஞ்சில் எழுதி டீச்சரிடம் காட்டித் திருத்தி வாங்கினேன். உங்களுக்காகத் தமிழில்:

வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தெருமுனையில் வண்டி நின்றுகொண்டிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். கடை திறந்திருந்தது. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. நாற்காலியில் ஒருவர் முகம் நிறைய நுரையோடு சாய்ந்திருந்தார். நீங்கள் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தீர்கள்.

இது முழுக்க 'இருந்தது'. அடுத்தது 'நடந்தது'.

நான் வாசலில் நின்று "வரேன்" என்றேன். நீங்கள் கண்ணாடியில் பார்த்துத் தலையை ஆட்டினீர்கள்.

அவ்வளவுதான். டீச்சர் படித்துவிட்டு, இவ்வளவு பெரிய வர்ணனைக்கு நடந்தது ரொம்பக் கொஞ்சமாக இருக்கிறதே, இன்னும் ஏதாவது நடந்திருக்குமே என்று கேட்டார். இல்லை என்றேன். விமான நிலையத்துக்கு எல்லோருக்கும் யாராவது வந்திருந்தார்கள். எனக்கு இரண்டு பெட்டி.

இன்னொரு பாடமும் படித்தோம். போவது, வருவது, பிறப்பது, சாவது, இந்த வினைகளுக்கு மட்டும் 'நடந்தது' டப்பாவில் தனித் தட்டு. மற்ற வினைகளோடு சேராது. இருந்த இடத்திலேயே தங்கிவிடுவதும் அதே தட்டில்தான் இருக்கிறது. படித்ததும் உங்களை நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் வகுப்பில் என் முறை. 'எனக்கு நெருங்கிய ஒருவர்' என்று பேச வேண்டும். யாரைப் பற்றிப் பேசுவது என்று தெரியவில்லை.


மார்ச் 25

அம்மா தாயே,

நுரை போட்ட ஆளை நாற்காலியில் அப்படியே விட்டுவிட்டு வரச் சொல்கிறாயா? ஒரு பக்கம் சிரைத்து ஒரு பக்கம் சிரைக்காமலா? அவர் மகனுக்குப் பெண் பார்க்கப் போக வேண்டியவர். என் கடையை நான் எந்த நாளும் மூடியதில்லை. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே திறந்திருக்கிறேன். வார விடுமுறை விடாத கடை இந்தத் தெருவில் இது ஒன்றுதான். உனக்குத் தெரியாதா?

நடந்தது ரொம்பக் கொஞ்சம் என்றாளா உன் டீச்சர்? கண்ணாடியில் நான் எதைப் பார்த்தேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

படிவம் அங்கேயேதான் இருக்கிறது.


ஏப்ரல் 10

சலூன்காரருக்கு,

ஒரு காரியம் நடந்துவிட்டது. சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. சொன்னால் உங்களுக்கு வராது. உட்கார்ந்து படியுங்கள்.

வகுப்பில் உங்களைப் பற்றித்தான் பேசினேன். தெரிந்தவர் வேறு யார் இருக்கிறார்கள்? 'இருந்தது' டப்பாவுக்கான பயிற்சி என்பதால் வழக்கமாக நடந்ததையெல்லாம் சொல்லச் சொன்னார்கள். கத்தி தீட்டும்போது விசில் அடிப்பார் என்றேன். குளியலறை விளக்கை அணைக்கவே மாட்டார் என்றேன். தன் தட்டில் இருப்பதை விட்டுவிட்டு என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவார், ஒரே ஜோக்கை வாரத்துக்கு நாலு தடவை சொல்லிவிட்டு முதலில் தானே சிரிப்பார், எனக்கு வேலை முடிய இருட்டினால் கடையை யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தெருமுனை விளக்கடியில் நிற்பார், கேட்டால் சும்மா காற்று வாங்க வந்தேன் என்பார். பேசப் பேச வந்துகொண்டே இருந்தது. இந்த மொழியில் நான் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. ஒரு பிழை இல்லை. டீச்சர் முழு மார்க்கு போட்டார்.

போட்டுவிட்டு, "இப்போது?" என்று ஒரு வார்த்தை கேட்டார்.

இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? எனக்கு என்ன தெரியும்? கடிதத்தில் சண்டை போடுகிறீர்கள். அது மட்டும்தான் தெரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

அடுத்த வகுப்புக்குப் போனால் என் மேசையில் ஒரு பூச்செடி. கூட ஒரு அட்டை, எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அகராதி பார்த்துப் படித்து முடித்தபோதுதான் விளங்கியது. முழுக்க இறந்தகாலத்தில் பேசிவிட்டு அழுதேன் அல்லவா, உங்கள் மறைவுக்கு வருத்தம் தெரிவித்திருக்கிறார்கள்.

உடனே சொல்லியிருக்கலாம். எழுந்துகூட நின்றேன். அதற்குள் ரொட்டிக் கடையில் வேலை செய்கிற பெண் என் தோளில் கை வைத்தாள். நான் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து என்மேல் ஒரு கை பட்டது அன்றைக்குத்தான். மற்றவர்களை நான்தான் தொட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கை கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று பேசாமல் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றையிலிருந்து வகுப்பு முடிந்ததும் மீசைக்காரர் என்னை வீடுவரை கொண்டுவந்து விடுகிறார். எங்கள் வகுப்பில் படிக்கிறவர், டாக்சி ஓட்டுகிறார், பெரிய மீசை. அவர் மனைவி போய்ச் சேர்ந்து நாளாகிறது. வழியெல்லாம் அந்த அம்மாளைப் பற்றி 'இருந்தது' போட்டுப் பேசிக்கொண்டு வருகிறார். நானும் உங்களைப் பற்றிப் பேசுகிறேன். அந்தப் பத்து நிமிஷத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருக்கிறேன்.

திட்டி எழுதுங்கள். ஆனால் எழுதுங்கள்.


ஏப்ரல் 24

காலஞ்சென்ற சலூன்காரர் தன் விதவைக்கு எழுதுவது.

ஒரு பூச்செடியோடு முடித்துவிட்டார்களா? நான் என்னவோ ஊரே திரண்டு வரும் என்று நினைத்திருந்தேன். எந்த வியாதியில் போனேன் என்று யாராவது கேட்டார்களா? கேட்டால் வாய்ப்புண் என்று சொல், நம்புவார்கள்.

சிரித்துக்கொண்டேதான் படித்தேன். பாதிக்கு மேல் சிரிப்பு வரவில்லை. என்னைப் பற்றி அவ்வளவு நேரம் பேசினாயாமே. என்னோடு என்றைக்காவது அவ்வளவு நேரம் பேசியிருக்கிறாயா? விளக்கடியில் நான் நின்றதை நீ கவனித்தாய் என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அதைக் கேட்க நான் செத்துப்போக வேண்டியிருந்தது. அதையும் யாரோ ஒரு மீசைக்காரன் எனக்கு முன்னால் கேட்டுவிட்டான்.

கையெழுத்து வேண்டும் என்கிறாய். செத்தவன் கையெழுத்து எங்கேயும் செல்லாது.


மே 18

என்னங்க,

செத்தவன் கையெழுத்து செல்லாது என்று எழுதினதற்குப் பிறகு உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நானே எழுதுகிறேன்.

பரீட்சை முடிந்தது. எழுத்துப் பரீட்சையில் ஒரு பக்கக் கதை கொடுத்து, ஒவ்வொரு இடத்திலும் எந்த இறந்தகாலம் என்று கேட்டிருந்தார்கள். முன்பெல்லாம் சூத்திரம் போல மனப்பாடம் செய்து போடுவேன். 'ஒரு நாள்' என்று வந்தால் இது, 'தினமும்' என்று வந்தால் அது. இந்தத் தடவை அப்படிச் செய்யவில்லை. உங்கள் கடை வாசலில் நின்று பார்ப்பது போல நினைத்துக்கொண்டேன். காற்றாடி, ரேடியோ, நுரை எல்லாம் ஒரு பக்கம். யார் உள்ளே வந்தார், யார் வெளியே போனார் என்பது ஒரு பக்கம். சரியாகத்தான் வந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டம். கடைகள் கிடையாது. தெருவில் ஆள் கிடையாது. துணி துவைக்கிற இடத்துக்குப் போய் மெஷின் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். துணி அழுக்காக இல்லாவிட்டாலும் போவேன். அங்கே ஒரு அம்மாள் வருவார், "குளிருது" என்பார். "ஆமா, குளிருது" என்பேன். போன வாரம் அவர் வரவில்லை. சாயங்காலம் அறைக்கு வந்து "குளிருது" என்று நானே சொல்லிப் பார்த்தேன். என் குரல் எனக்கே கரகரவென்று யாரோ பேசுவது போல இருந்தது.

உங்கள் செடி பூத்திருக்கிறது. தூக்கிப் போடலாம் என்று பார்த்தேன், மனசு வரவில்லை. ஜன்னலில் வைத்திருக்கிறேன். நேற்று அதனிடம் உங்களைத் திட்டினேன். செடி உங்களைப் போல இல்லை, முழுக்கக் கேட்டுக்கொண்டது.

கோபம் இருந்தால் கோபத்தை எழுதி அனுப்புங்கள். ஒன்றும் எழுதாமல் இருக்காதீர்கள். அது என் பழக்கம், உங்களுக்குப் பொருந்தவில்லை.


மே 30

உம்மணாமூஞ்சிக்கு,

நீ செடியிடம் பேசுவதைப் படித்த பிறகு எழுதாமல் இருந்தால் நான் மனிதன் இல்லை.

நீ என்னைச் சாகடித்தாய் என்று குதித்தேன் அல்லவா. நான் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று சொல்கிறேன், கேள்.

பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரரை உனக்குத் தெரியும். டமாரம். அவர் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரியும், அந்த டமாரம்தான். தினமும் காலையில் கடையைத் திறந்ததும் வந்து நிற்பார். "வீட்டுக்காரம்மா போன் பண்ணாங்களா? என்ன சேதி?" நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களும் காதைத் தீட்டிக்கொள்வார்கள். சலூனில் சேதி இல்லை என்று எப்படிச் சொல்வது? அடுப்பில்லாத சாப்பாட்டுக் கடை மாதிரி ஆகிவிடும். "நேத்து பண்ணா" என்றேன். "என்ன சொன்னாங்க?" என்றார். சிவப்புக் கோட்டு ஒன்று வாங்கினாளாம் என்றேன். வாயில் வந்தது, சொன்னேன்.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. நேற்று அவள் பனியில் சறுக்கி விழுந்து, தூக்கிவிட்டவரோடு சேர்ந்து சிரித்தாள் என்றேன். நேற்று ஒரு சிநேகிதி வீட்டுக்கு விருந்துக்குப் போனாள் என்றேன். சைக்கிள் கற்றுக்கொண்டாள் என்றேன். உன் கணக்கில் எல்லாம் 'நடந்தது' டப்பா. நீ அங்கே என்னை வழக்கமாகவே வைத்திருந்தாய். நான் இங்கே உனக்குத் தினம் ஒன்று நடத்தி வைத்தேன். இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் நீ அங்கே ராணி மாதிரி இருக்கிறாய்.

போன வாரம் டமாரம், "அந்தச் சிவப்புக் கோட்டுல ஒரு போட்டோ அனுப்பச் சொல்லேன், பாப்போம்" என்றார். கத்தி கையில் அப்படியே நின்றுவிட்டது. உன்னிடம் கேட்க முடியாது. உன்னிடம் கோட்டே இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அந்தக் குளிரில் நீ எதைப் போட்டுக்கொண்டு நடக்கிறாய்? கேட்டதே இல்லை.

இப்போது கையெழுத்து. பூசி மெழுகாமல் சொல்கிறேன். எனக்குப் பயம். இங்கே நான் யார் என்று கேட்டால் நாலு தெருவுக்குச் சொல்வார்கள். அங்கே நீ பேசுவாய், நான் உன் பக்கத்தில் பொட்டலம் மாதிரி நிற்பேன். ஒரு தேநீர் வாங்க உன் முகத்தைப் பார்ப்பேன். நீ சும்மா இருந்தபோதெல்லாம் உனக்கும் சேர்த்து நான்தானே பேசினேன். அதையும் எடுத்துவிட்டால் நான் உனக்கு எதற்கு? ராத்திரி படுத்தால் இந்த நினைப்புத்தான். படிவத்தை எடுத்துப் பார்க்கிறேன், மறுபடி கண்ணாடிக்குப் பின்னால் செருகுகிறேன்.


ஜூன் 11

என்னங்க,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு துணி துவைக்கிற இடத்தில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து தள்ளி உட்கார்ந்தார்.

பரீட்சை பாஸ். வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

வகுப்பின் கடைசி நாள் எல்லோரிடமும் சொன்னேன். எழுந்து நின்று, "என் கணவர் சாகவில்லை" என்றேன். பிழையில்லாமல்தான் சொன்னேன். முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் ரொட்டிக் கடைப் பெண் சிரித்துவிட்டாள், அப்புறம் மற்றவர்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். மீசைக்காரர் வண்டிச் சாவியைக் கையில் எடுத்தார். தன் மனைவி கடைசி நாட்களில் என்ன கேட்டார், என்ன சாப்பிட்டார் என்பதையெல்லாம் அவர் என்னிடம்தான் சொல்லியிருந்தார். வேறு யாரிடமும் சொன்னதில்லையாம். மாடிப்படி இறங்கிப் போய்விட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், வண்டி போய்விட்டது.

நான் நடந்து வந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. தெரு முழுக்க ஜன்னல்களில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யார் வீட்டிலோ தட்டுக் கழுவுகிற சத்தம். உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. இருந்த ஒரு துணையையும் கையால் தள்ளிவிட்டு வந்தேன். ஆனாலும் மறுநாள் காலையில் ஒரு பெரியவருக்குத் தலை வாரும்போது, என் கணவர் இதை நன்றாகச் செய்வார் என்று அவரிடம் சொன்னேன். நிகழ்காலத்தில் சொன்னேன், பழைய கதையாக இல்லை.

அந்தச் சனிக்கிழமை சிவப்புக் கோட்டு வாங்கினேன். கோடை வரப் போகிறது, குளிர்காலத்துக் கோட்டெல்லாம் மூலையில் தொங்குகிறது. கை கொஞ்சம் நீளம். கண்ணாடியில் பார்த்தபோது யாரோ மாதிரி இருந்தேன். போட்டோ இத்துடன் இருக்கிறது, டமாரத்திடம் காட்டுங்கள். சைக்கிள் என்னால் முடியாது.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். கையெழுத்தை இனி நான் கேட்க மாட்டேன். பயம் என்று சொன்னீர்களே, அது எனக்குப் போதும். வந்தால் சந்தோஷம். வராவிட்டால், எப்போதாவது போன் செய்யுங்கள். கத்துங்கள். நான் இந்தத் தடவை பதில் பேசுகிறேன்.


ஜூன் 24

சிவப்புக் கோட்டுக்காரிக்கு,

நேற்று கடையை மூடினேன்.

இன்னொரு தடவை படித்துக்கொள். காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் 'இன்று கடை இல்லை' என்று எழுதி ஷட்டரில் ஒட்டினேன். என்னிடம் அப்படி ஒரு பலகையே கிடையாது. ஒட்டும்போது யாரோ செத்த வீட்டில் நோட்டீஸ் ஒட்டுகிற மாதிரி இருந்தது.

நீ கிளம்பின அன்று ஏன் மூடவில்லை என்று எனக்கே நேற்றுத்தான் விளங்கியது. கடை திறந்திருந்தால் அது மற்ற நாள் மாதிரி ஒரு நாள். சாயங்காலம் ஆனால் நீ தெருமுனையில் வந்துவிடுவாய். மூடிவிட்டால் நீ போனது போனதுதான்.

ஷட்டரை இறக்கியதும் ஒரு முடிவு செய்தேன். விளக்கு வைக்கிற நேரம்வரை வாயைத் திறப்பதில்லை. அங்கே வந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு பகல் பார்த்துவிடலாம் என்று. அலுவலகத்தில் படிவத்தை நீட்டினேன். அந்த அம்மாள் ஏதோ கேட்டார், கையைக் காட்டினேன். எனக்குக் காது கேட்காது என்று நினைத்து ஒவ்வொரு சொல்லாகக் கத்தினார். ஒருவன் எனக்கு முன்னால் வரிசையில் நுழைந்தான். வாய்வரை வந்தது, விழுங்கினேன். மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டேன். முத்திரை குத்தி ரசீது கொடுத்துவிட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் ஒரு பெரியவர் வழி கேட்டார். எனக்கு நன்றாகத் தெரிந்த வழி. சொல்ல முடியாமல் கையை ஆட்டினேன், அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்து வேறு ஆளிடம் போனார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். மத்தியானத்துக்குள் ரேடியோவைப் போட்டுவிட்டேன். ரேடியோவில் யாரோ 'வணக்கம்' என்றதற்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஒரு பகல்தான். நீ ஒரு வருஷமாக இப்படி இருக்கிறாய். அதோடு போனில் என் கத்தலையும் கேட்டாய்.

இனி நடந்தது வேடிக்கை. கடை மூடியிருப்பதைப் பார்த்து டமாரம் கலங்கிப்போய்விட்டார். நான் கடை மூட ஒரே காரணம்தான் இருக்க முடியும் என்று தெருவே முடிவு செய்துவிட்டது. சாயங்காலம் ஒரு கும்பல் வந்து கதவை இடித்தது. "உள்ள ஆள் அசையவே இல்லப்பா, கதவ ஒடைங்க!" நானே திறந்தேன். இன்னும் விளக்கு வைக்கவில்லை, அதனால் வாயைத் திறக்காமல் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். "ஐயோ, வாய் இழுத்துக்கிச்சு! வண்டியக் கூப்பிடுங்க!" என்று டமாரம் அலறினார். அதற்கு மேல் தாங்காது என்று, "நான் சாகலய்யா" என்றேன்.

எல்லோரும் போன பிறகு டமாரத்திடம் உண்மையைச் சொன்னேன். "அவ போனே பண்ணலைங்க. சிவப்புக் கோட்டையும் இந்த மாசம்தான் வாங்கிருக்கா" என்றேன். போட்டோவைக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்குத் தெரியாதாப்பா? போன் வந்தா நீ கத்துவியே, எங்க கடை வரைக்கும் கேக்குமே. நீ கத்தி ரொம்ப நாள் ஆச்சு. சேதி சொல்றப்ப மட்டும்தான் உன் மொகம் நல்லா இருந்துச்சு, அதான் தெனம் கேட்டேன்." அவர் இதை மட்டும் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை, பார்த்தாயா.

கடைச் சாவியை அவரிடம் கொடுத்து வைக்கப் போகிறேன். உங்கள் இல்லத்தில் காது கேட்காத பெரியவர்களை எனக்கு ஒதுக்கி வைக்கச் சொல். கேட்கிறவர்களுக்கு நீ பக்கத்தில் நின்று பேசு, நான் வகிடு எடுக்கிறேன். செடிக்குத் தண்ணீர் ஊற்று, அது என் பேரில் வந்தது.

அப்புறம் அந்த மீசைக்காரர். நீ போய்ப் பார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் நின்று சொல். அவர் மனைவியைப் பற்றி அவர் இன்னும் பேச வேண்டியது இருக்கும், கேட்க எனக்கு நேரம் இருக்கிறது, பதில் சொல்லத்தான் மொழி இல்லை என்று சொல். செத்துப்போன சலூன்காரர் வருகிறார், விமான நிலையத்துக்கு ஒரு வண்டி வேண்டும் என்று கேள். நீயும் அதில் ஏறி வா. எனக்கு இரண்டு பெட்டி இருக்கும்.